வெல்ஷ் மொழியை வாழவைத்தது அங்கியா? அச்சா?

ஒரு மொழியைக் காப்பாற்றுவது எது என்று கேட்டால், "அதன் பழமைதான் காப்பாற்றுகின்றது" என்று உடனே பதில் சொல்லுகின்றவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றார்கள். மொழி எவ்வளவுக்கெவ்வளவு பழையதோ, எவ்வளவுக்கெவ்வளவு தெய்வ சம்பந்தமுள்ளதோ, அவ்வளவுக்கவ்வளவு அது சாகாது என்பது இவர்களுடைய அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்திற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டுமானால், வேல்ஸ் என்னும் சிறு நாட்டின் சங்கதியைவிட நல்ல அத்தாட்சி கிடைப்பது அருமை. ஆகவே அதைச் சற்று விவரமாக எடுத்துச் சொல்லுகின்றோம். வாசகர்கள் பொறுமையோடு கவனிக்க வேண்டுகின்றோம்.

வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே, அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மலைநாடு. அந்நாட்டாரின் சொந்த மொழி வெல்ஷ். இது இங்கிலீஷின் கிளை அல்ல. இங்கிலீஷ் அந்தத் தீவில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே அங்கு வழங்கிய மொழியின் வழி வந்தது. 1911ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் இதைப் பேசினவர்கள் சுமார் 9,77,000 பேர். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 5,38,000 பேர். அதாவது அந்நாட்டு மக்களில் 100க்கு 18 பேருக்கும் குறைவு. பக்கத்தில் இருப்பதோ உலகமெங்கும் பரவிய இங்கிலீஷ். ஆலமரத்தின் அடியில் முளைத்த செடி மாதிரியான நிலைமை. அப்படியிருந்தும் வருஷந்தோறும் வெல்ஷ் மொழியில் நாவல்கள் வருகின்றன, கவிகள் வருகின்றன, குழந்தைகளுக்குக் கதைப் புத்தகங்கள் வருகின்றன. இது எப்படி முடிந்தது என்பதுதான் நம் கேள்வி.

வருஷத் திருவிழா

வேல்ஸில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஐஸ்டெத்வோத் என்னும் பெரிய கலை விழா நடக்கின்றது. பாட்டு, கவி, வசனம், நாடகம் எல்லாவற்றிற்கும் போட்டி வைத்துப் பரிசளிக்கின்றார்கள். இது மெத்தச் சரியான காரியம். இதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் இந்த விழாவின் நடுவில் கோர்செத் என்று ஒரு சடங்கு நடக்கின்றது. வெள்ளை, நீலம், பச்சை என்று மூன்று நிற அங்கி தரித்தவர்கள் ஊர்வலமாக வருகின்றார்கள். அவர்களுக்குத் தலைமைப் பூசாரி ஒருவர். ஒரு பெரிய கத்தியைப் பாதி உறையிலிருந்து உருவி, அமைதி உண்டா என்று மூன்று முறை கேட்க, கூட்டம் உண்டு என்று முழங்குகின்றது. பிரார்த்தனை உண்டு, கல் வட்டம் உண்டு. இவையெல்லாம் ட்ரூயிட் என்னும் ஆதிகாலப் பூசாரிகளிடமிருந்து வழிவழியாக வந்தவை என்று நெடுங்காலம் ஜனங்கள் நம்பி வந்தார்கள்.

உண்மை என்ன? இந்தச் சடங்கு முதன்முதலில் நடந்தது 1792ஆம் ஆண்டில். நடந்த இடம் வேல்ஸ்கூட அல்ல. லண்டன் பட்டணத்திலுள்ள பிரிம்ரோஸ் குன்று. நடத்தினவர் கிளமார்கன் பிரதேசத்துக் கல்தச்சர் எட்வர்டு வில்லியம்ஸ் என்பவர். இவர் தமக்கு யோலோ மோர்கனுக் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். சடங்கை உண்டாக்கியவரும் அவரே. பிரார்த்தனையை எழுதியவரும் அவரே. ஆதிகாலத்து எழுத்து என்று ஒரு எழுத்து வரிசையைக் கற்பனை செய்தவரும் அவரே. 1819ஆம் ஆண்டு கார்மார்தன் ஊரில் ஒரு விடுதியில் நடந்த ஐஸ்டெத்வோத்தில்தான் இந்தச் சடங்கு அந்த விழாவோடு ஒட்டவைக்கப்பட்டது. இப்போது கண்ணைப் பறிக்கின்ற உடையலங்காரமோ 1890க்குப் பின் ஹெர்கோமர் என்னும் ஜெர்மனியில் பிறந்த ஓவியர் வரைந்து கொடுத்தது! ஆதிகாலம் என்பதன் வயது எவ்வளவு என்று வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

பசும்பொன்னுக்குப் பித்தளை முலாம்

யோலோ சாமானிய ஆள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பு இல்லாமல் தானாகக் கற்றுப் பெரிய புலமை அடைந்தவர். அடிமை வியாபாரத்தைக் கண்டித்தவர். திரித்துவத்தை ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவர்களுடைய சங்கம் தென் வேல்ஸில் ஏற்பட உழைத்தவர். இவ்வளவு அறிவும் நெஞ்சுரமும் உள்ள மனிதர், தம் ஊருக்குப் பழமை தேடித்தர வேண்டும் என்ற மோகத்தில் புரட்டுக்கு இறங்கினார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

14ஆம் நூற்றாண்டில் தாவித் ஆப் குவிலிம் என்னும் மகாகவி ஒருவர் இருந்தார். அவருடைய பாட்டுக்களைத் திரட்டி 1789ஆம் ஆண்டு லண்டனில் புத்தகமாக வெளியிட்டார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் ஓவன் ஜோன்ஸ் என்னும் தோல் வியாபாரி. ராஜாவுமல்ல, பிரபுவுமல்ல, கடை நடத்திச் சம்பாதித்த காசைத் தாய்மொழிப் புத்தகத்தில் கொட்டின மனிதர். அவருக்கு யோலோ செய்த உபகாரம் என்ன தெரியுமா? தாமே பாட்டுக் கட்டி, அவை அந்தப் பழங்கவியின் பாட்டுக்கள் என்று சொல்லி அனுப்பினார். அவையும் புத்தகத்தில் ஏறிவிட்டன. நூறு வருஷத்திற்கு மேல் படித்தவர்களே அதை நம்பினார்கள். 1896இல் ஜான் மோரிஸ்-ஜோன்ஸ் என்னும் பேராசிரியர் கோர்செத்தின் பழமை வெறும் கட்டுக்கதை என்று பத்திரிகையில் எழுதினார். 1926இல் ஜி. ஜே. வில்லியம்ஸ் என்னும் ஆராய்ச்சிக்காரர் அந்தப் பாட்டுக்கள் யோலோவின் சொந்தச் சரக்கே என்று நிலைநாட்டிப் புத்தகம் வெளியிட்டார்.

நாம் கேட்கின்றோம்: தாவித் ஆப் குவிலிம் பாட்டே கையில் இருக்கும்போது பொய்ப் பாட்டு எதற்கு? அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முந்திய அனைரின், தாலியேசின் பேரால் வழங்கும் பாட்டுக்களும் அந்த மொழியில் உண்டே! பசும்பொன் வைத்திருப்பவன் அதற்குப் பித்தளை முலாம் பூசுவானா? பூசினதின் பலன் என்னவென்றால், மாற்றான் முலாமைச் சுரண்டிக் காட்டி, "உள்ளே இருப்பதும் பித்தளைதான்" என்று சொல்லுவதற்கு வழி உண்டாயிற்று. அந்தக் கலப்படத்தைப் பிரித்தெடுக்கவே ஆராய்ச்சிக்காரர்களுடைய ஆயுள் கழிந்தது.

"இது எல்லோருக்கும் தெரிந்துபோன விஷயந்தானே! கோர்செத்காரர்களே இன்று இதை ஒப்புக்கொள்ளுகின்றார்களே! வேடிக்கைக்காக நடக்கும் ஊர்வலத்தால் என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கக்கூடும். வேடிக்கையை வேடிக்கை என்று சொல்லி நடத்தினால் நமக்கு வழக்கில்லை. ஆனால் அங்கி போட்ட இடத்தில் அதிகாரமும் வந்து உட்கார்ந்துகொள்ளுகின்றது. 1928ஆம் ஆண்டு ட்ரியார்க்கி ஊரில் நடந்த விழாவில் குவெனால்ட் என்னும் கவி எழுதிய பாட்டு, உடலின் இச்சையைப் பச்சையாகச் சொல்லிவிட்டது என்று காரணங் காட்டிப் பரிசு நாற்காலியையே யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாட்டு செத்தா போயிற்று? அச்சிலே வந்தது, ஜனங்கள் படித்தார்கள். இன்றைக்கும் அது பேசப்படுகின்றது. இஃதன்றி, இந்தத் தலைமைப் பூசாரி ஸ்தானத்திற்கு ஒரு பெண் வந்தது 2013ஆம் ஆண்டில். சடங்கு ஏற்பட்டு 221 வருஷம் கழித்து!

வேதப் புத்தகம் காப்பாற்றியதா?

இனி, பாதிரிமார் பக்கத்து வாதத்தைப் பார்ப்போம். 1567இல் புதிய ஏற்பாடும், 1588இல் வில்லியம் மார்கன் மொழிபெயர்த்த முழு பைபிளும் வெல்ஷ் மொழியில் அச்சாயின. இவைதாம் மொழியைக் காப்பாற்றின என்று சொல்லுகின்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கின்றது. ஆனால் எந்தப் பாதி என்று பார்க்க வேண்டும்.

1536ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இங்கிலீஷ் தெரியாதவனுக்கு வேல்ஸில் உத்தியோகம் இல்லை என்று ஆக்கிய அரசாங்கமே, 1563ஆம் ஆண்டு பைபிளை வெல்ஷில் மொழிபெயர்க்கச் சட்டம் செய்தது. மொழியின் மேலுள்ள அன்பினாலா? இல்லை. அதே சட்டம் கோயில்தோறும் இங்கிலீஷ் பைபிளையும் பக்கத்தில் வைக்கச் சொல்லிற்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஜனங்கள் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் உத்தேசம். அதாவது கொடுத்த கையே எடுக்கவும் நினைத்தது.

மேலும், தெய்வ வாக்கு மொழியைக் காப்பாற்றும் என்பது மெய்யானால், ஐரிஷ் மொழியை ஏன் காப்பாற்றவில்லை? 1602இல் புதிய ஏற்பாடும் 1685இல் பழைய ஏற்பாடும் ஐரிஷ் மொழியில் அச்சாயினவே! அப்படியிருந்தும் ஐரிஷ் தேய்ந்தது. ஏனென்றால் அதைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. வேல்ஸிலோ 1731ஆம் ஆண்டு முதல் கிரிஃபித் ஜோன்ஸ் என்பவர் ஊர் ஊராக மாறிச் செல்லும் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தினார். சில மாதம் ஓர் ஊர், பிறகு அடுத்த ஊர். குடியானவனும் கூலிக்காரனும் குழந்தைகளோடு உட்கார்ந்து தாய்மொழியில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அவருடைய உத்தேசம் மோட்சமாக இருக்கலாம். ஆனால் எழுத்து ஒருவனுக்கு ஒருதரம் வந்துவிட்டால், அவன் இதைத்தான் படிக்கலாம் என்று எந்தப் பாதிரியாலும் கட்டுப்படுத்த முடியாது. 1814இல் ஸ்வான்ஸீ நகரில் வெல்ஷ் மொழியின் முதல் வாரப் பத்திரிகை தோன்றியது. பைபிள் படிக்கக் கற்றவன் பேரன் பத்திரிகை படித்தான். ஆகவே காப்பாற்றியது தெய்வமல்ல. அச்செழுத்தும் அதைப் படிக்கத் தெரிந்த கண்ணுமே என்று சொல்லுகின்றோம்.

அச்சு என்பதுகூட அந்நாட்டிற்கு லேசில் வந்ததல்ல. முதல் வெல்ஷ் புத்தகம் அச்சானது 1546இல், லண்டனில். 1695 வரையில் லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற சில இடங்கள் தவிர வேறெங்கும் அச்சுக்கூடம் வைக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. வேல்ஸ் மண்ணில் சட்டப்படி முதல் அச்சுக்கூடம் ஏற்பட்டது 1718இல், ஐசக் கார்ட்டர் என்பவரால், டைவி நதிக்கரையில் ஒரு சிறு ஊரில். முதல் புத்தகத்திற்கும் சொந்த அச்சுக்கும் இடையில் 172 வருஷம்!

அங்கி ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம்

1846ஆம் ஆண்டு வேல்ஸின் கல்வி நிலைமையை விசாரிக்க அரசாங்கம் மூன்று பேரை அனுப்பிற்று. மூவரும் இங்கிலீஷ் வக்கீல்கள். ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. ஆங்கிலத் திருச்சபைக் குருமார் சொன்னதைப் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு, இந்த மொழி முன்னேற்றத்திற்குத் தடை என்றும், இந்த ஜனங்கள் ஒழுக்கங் கெட்டவர்கள் என்றும், பெண்கள் கற்பில்லாதவர்கள் என்றும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த அறிக்கையின் அட்டை நீலமாக இருந்ததால், நீலப் புத்தகத் துரோகம் என்றே இதை அந்நாட்டார் இன்றும் சொல்லுகின்றார்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை மாட்டின கொடுமையும் அந்த நூற்றாண்டில் நடந்ததுதான்.

இந்த அவமானத்திற்குப் பழமைக்காரர்கள் சொன்ன பதில் என்ன? 1860க்குப் பின் நடந்த தேசிய விழாக்களில் ட்ரூயிட் வேஷமும் ஊர்வலமும் தடபுடலாக நடந்தன. அதே விழாக்களில் சமூக விஞ்ஞானம் பேசுவதற்கென்று ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். அதை எந்த மொழியில் நடத்தினார்கள்? முழுக்க முழுக்க இங்கிலீஷில்! பாட்டுக்கும் பூசைக்கும் தாய்மொழி. அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் அந்நிய மொழி. மொழியைச் சிங்காரித்துப் பல்லக்கில் வைத்து மயானத்திற்குக் கொண்டுபோகும் வழி இதுவல்லாமல் வேறென்ன?

அதே காலத்தில் வடக்கே டென்பி என்னும் சிற்றூரில் தாமஸ் கீ என்பவர் ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். அவரும் மதப் பிரசங்கியார்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் வெளியிட்டது என்ன என்று பாருங்கள். உலகத்து அறிவையெல்லாம் வெல்ஷ் மொழியில் தரும் கலைக்களஞ்சியம், பத்துப் பெரிய தொகுதிகள். 1854இல் தொடங்கி 1879 வரையில் இருபத்தைந்து வருஷம் விடாமல் அச்சிட்டார். தம் பத்திரிகையில் நிலப்பிரபுக்களையும், கோயிலுக்குக் கட்டாய வரி வாங்கும் கொடுமையையும் கண்டித்தார். இந்த மொழியில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்ற நீலப் புத்தகக்காரர்களுக்கும், இந்த மொழி பூசைக்குத்தான் என்ற அங்கிக்காரர்களுக்கும் சேர்த்துச் சரியான பதில் அந்தப் பத்துத் தொகுதிகளேயாகும்.

தையற்காரரும் கல்லுடைப்பார் மகளும்

வெல்ஷ் நாவலுக்குத் தந்தை என்று சொல்லத்தக்க டேனியல் ஓவன் மோல்டு என்னும் ஊரில் தையற்கடை வைத்திருந்தவர். கைக்குழந்தையாய் இருந்தபோதே தகப்பனாரையும் இரண்டு சகோதரர்களையும் நிலக்கரிச் சுரங்க வெள்ளத்தில் பறிகொடுத்தவர். 1885இல் அவர் வெளியிட்ட நாவலில் கோயில் திண்ணைப் பக்தர்களின் போலி வேஷத்தைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். அவர் கதையில் ட்ரூயிட்டும் இல்லை, மந்திரமும் இல்லை. சுரங்கக் கூலியும் கடன்காரனும் கடைக்காரனும் உண்டு. அதனால்தான் ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள்.

பிறகு கேட் ராபர்ட்ஸ் அம்மையார் வந்தார். பலகைக்கல் உடைக்கும் தொழிலாளியின் மகள். ஏழைக் குடும்பத்துப் பெண்கள் அரைக்காசை முழுக்காசாக்கிக் காலந் தள்ளும் பாட்டைக் கதைகளாக எழுதினவர். இந்த அம்மையார் எழுதினதோடு நிற்கவில்லை. 1935இல் தம் புருஷரோடு சேர்ந்து டென்பியிலுள்ள அந்தக் கீ அச்சுக்கூடத்தை விலைக்கு வாங்கினார். 1946இல் புருஷர் இறந்த பிறகும் மனந் தளராமல் தாமே பத்து வருஷம் அதை நடத்தினார். அங்கிக்காரர்கள் ஒரு பெண்ணைத் தலைமை ஸ்தானத்தில் வைக்க 2013 வரையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அச்சுக்கூடத்தில் ஒரு பெண் அதற்கு 67 வருஷத்திற்கு முன்பே தனியாக நின்று நிர்வாகம் செய்தார். 1961இல் அதே அச்சுக்கூடம் கரடோக் பிரிச்சர்ட் எழுதிய நாவலை வெளியிட்டது. கல்லுடைக்கும் ஊரில் தாயைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பார்த்திருந்த பிள்ளையின் கதை அது. இன்று பல மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கின்றது.

கணக்கைப் பாருங்கள்

சிறு மொழிப் பிரசுரகர்த்தரின் கஷ்டத்தைச் சொல்ல ஒரு சிறு கணக்கே போதும். ஒரு புத்தகத்திற்கு எழுதினவருக்குக் கூலி, பிழை திருத்தக் கூலி, அச்சுக் கோப்புக் கூலி, அட்டைப் படக் கூலி என்று முதல் பிரதி வெளிவருமுன்னே செலவாகிவிடுகின்றது. இங்கிலீஷ் புத்தகமானால் அந்தச் செலவு ஐம்பதினாயிரம் பிரதியின்மேல் பிரியலாம். வெல்ஷ் பேசுவோர் 5,38,000 பேரில் ஐந்நூறு பேருக்கு ஒருவர் வாங்கினாலும் ஆயிரத்துச் சில்லறைப் பிரதிதான் போகும். விலையை ஏற்றினால் ஏழை வாங்கமாட்டான். ஏற்றாவிட்டால் அச்சுக்காரன் கடனாளி ஆவான். இந்தக் கணக்கை எந்தத் தெய்வமும் எந்தக் கல் வட்டமும் மாற்றியமைக்க முடியாது.

அதை மாற்ற மனிதர்கள்தாம் வழி கண்டார்கள். 1937இல் பிராசர் ரீஸ் என்னும் பத்திராதிபர் சந்தா சேர்த்துப் புத்தகம் கொடுக்கும் சங்கம் ஏற்படுத்தினார். 1961இல் அபெரிஸ்ட்வித் நகரில் வெல்ஷ் புத்தகக் கவுன்சில் ஏற்பட்டது. பொதுப் பணத்திலிருந்து உதவி வாங்கிக் கொடுப்பதும், புத்தகங்களைக் கடைகளுக்கு அனுப்புவதும் அதன் வேலை. 1892 முதல் லாண்டிசில் ஊரில் கோமர், 1967 முதல் தாலிபொன்ட் கிராமத்தில் லோல்வா, 1980 முதல் லான்ருஸ்ட் பக்கத்தில் கரெக் குவால்ச், 1986 முதல் பெண்கள் கூட்டுறவாக நடத்தும் ஹொன்னோ என்று சிறு சிறு ஊர்களில் பிரசுரசாலைகள் தோன்றின. லோல்வாவின் மூலம், பெரிய மனிதர்களைக் கேலி செய்த ஒரு பரிகாசப் பத்திரிகை! ஹொன்னோ, மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர்களின் நூல்களைத் தேடியெடுத்து மறுபடியும் அச்சிடுகின்றது.

"கரெக் குவால்சை ஸ்தாபித்தவரே பிற்காலத்தில் கோர்செத்தின் தலைமைப் பூசாரியாய் இருந்தாரே, அதற்கென்ன சொல்லுகின்றீர்?" என்று கேட்கலாம். சந்தோஷமாகவே பதில் சொல்லுகின்றோம். அவர் அங்கி தரித்ததினால் புத்தகம் வந்ததா? 1980 முதல் அச்சு ஓடினதினால் வந்ததா? அங்கியை அவரிடமிருந்து எடுத்துவிட்டாலும் புத்தகங்கள் இருக்கும். புத்தகங்களை எடுத்துவிட்டால் அங்கி எதற்கு உதவும்?

நாம் சொல்லுவது

மாபினோகி என்று வேல்ஸில் பழைய கதைகள் உண்டு. மந்திரக்காரர்கள் பூவினால் ஒரு பெண்ணைச் செய்து, அவள் சம்மதம் கேளாமலே ஒருவனுக்கு மனைவியாகக் கொடுத்து, அவள் வேறொருவனை விரும்பியதும் ஆந்தையாகச் சபித்த கதை அதில் வருகின்றது. அந்நாட்டார் அந்தக் கதைக்குக் கோயில் கட்டவில்லை. அதைப் படித்தால் புண்ணியம், மறுத்தால் பாவம் என்று சொல்லவில்லை. கதையைக் கதையாக அச்சிட்டு, கதையாகப் படித்து, அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது நியாயமா என்று நாடகமும் எழுதினார்கள். பழைய இலக்கியத்தை வைத்துக்கொள்ளும் யோக்கியமான முறை இதுதான்.

2050க்குள் வெல்ஷ் பேசுவோரைப் பத்து லட்சமாக ஆக்குவதென்று அந்நாட்டு அரசாங்கம் 2017இல் தீர்மானித்திருக்கின்றது. தீர்மானம் நல்லதே. ஆனால் பேசுவோர் பத்து லட்சமாகி, வாங்கிப் படிப்போர் ஆயிரமாகவே இருந்தால் அந்த மொழி வாயில் இருக்கும்; வாழ்வில் இராது. பிரசுரத்திற்குத் தரும் பொதுப் பணத்தைக் குறைத்துக்கொண்டு மொழி வளர்ப்பதாகச் சொல்லும் அரசாங்கம் எதுவாயினும், வேரில் ஊற்றும் தண்ணீரை நிறுத்திவிட்டு இலையைத் துடைக்கின்றதென்றே அர்த்தம்.

ஆகவே, தாய்மொழியின் பேரால் மார்தட்டுகின்ற எந்த நாட்டாரையும் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகின்றோம்: உம் மொழிக்கு வயது எத்தனை ஆயிரம் என்று கேட்கவில்லை, அதை உண்டாக்கிய தெய்வம் எது என்றும் கேட்கவில்லை. போன வருஷம் உம் மொழியில் எத்தனை புத்தகம் காசு கொடுத்து வாங்கினீர்? அதில் எத்தனையைப் படித்தீர்? இதற்குப் பதில் சொல்ல முடிந்தவன் எவனோ, அவன்தான் மொழியைக் காப்பவன். அவன் தையற்காரனாயிருந்தாலும் சரி, கல்லுடைப்பவனாயிருந்தாலும் சரி. மற்றவர்கள் அங்கியைத் தோய்த்து உலர்த்திக்கொண்டிருக்கட்டும்.